காய்ந்த கட்டுத்துணி

கிளினிக்கில் என் காலின் சர்க்கரைப் புண்ணோடு ஒட்டிக் காய்ந்திருந்த கட்டுத்துணியின் மேல் நர்ஸ் உப்புத்தண்ணீரை ஊற்றினாள்.

"கொஞ்சம் ஊறட்டுங்க, வலிக்காம வந்துரும்."

துணி தானாகவே கழன்று வந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

அந்தக் காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கட்டியவரை டாக்டரையா என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் டாக்டர் இல்லை. அட்டை கடித்து, சொறிந்து, ஆறாத புண்ணாகிப்போன காலோடு அம்மா வருஷக்கணக்காக அவரிடம் போனாள். நாற்றமடிக்கிறது என்று உள்ளே விடமாட்டார். வாசற்படியில்தான் கட்டு.

"கொஞ்சம் தண்ணி ஊத்தி எடுங்களேன் ஐயா."

"ஒனக்கு ஊறப்போட எனக்கு ஏது நேரம்? காலக் காட்டு."

காய்ந்த துணியைச் சரக்கென்று இழுப்பார். அப்போதுதான் வளர்ந்துவந்த புதுத்தோலும் அதோடு பிய்ந்து வரும். ரத்தம் செருப்பில்லாத பாதத்தில் வழியும்.

"சுத்தமா இருக்கத் தெரியாத சனம். புண்ணு எப்புடி ஆறும்?" என்று அம்மாவையே ஏசி, கொழுந்தெடுக்க விரட்டுவார். அம்மா அவரைக் கும்பிட்டுவிட்டு நொண்டி நொண்டிப் போவாள். அந்தப் புண்ணோடுதான் செத்தாள்.

நர்ஸ் புதுத்துணி சுற்றிக்கொண்டிருந்தாள். நான் அந்த வாசற்படியையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் பக்கத்திலேயே குழாய் இருந்தது. அம்மாவை அனுப்பியதும் டாக்டரையா அதைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, ஆற அமரத் தன் கையைக் கழுவுவார்.