சவரிமுத்து கதை நின்ற வருஷம்

கல்லறைத் திருநாளன்று பினாங்கு இராயப்பன் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கொள்ளுத்தாத்தா சவரிமுத்துவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றியதும், வீட்டுப் பெரியவர் அவருடைய போர்க் கதையைச் சொல்ல வேண்டும். கும்பினிப் பட்டாளத்தோடு ரங்கூன் போன கதை. மழையிலும் காய்ச்சலிலும் படை பாதியாகக் கரைந்துபோக, சவரிமுத்து மட்டும் வெடிமருந்துக் கிடங்கைவிட்டு அசையாமல் காவல் நின்றாராம். "மருந்து நனையல, மனுசன்தான் நனைஞ்சாரு" என்று முடிக்கும்போது எல்லாரும் சிரிக்க வேண்டும். கதை கேட்கும் மூத்த பிள்ளையின் சட்டையில் அவருடைய வெள்ளிப் பதக்கம் தொங்கும்.

சவரிமுத்துவின் மகனும் பட்டாளம், பேரனும் பட்டாளம். இராயப்பனை மட்டும் கண் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பினாங்குத் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியானார். அவர்கள் குடியிருந்த டத்தோ கிராமாட் பகுதியில் நாலு பேர் மதிக்கும் வேலைதான். ஆனாலும் வருஷா வருஷம் அந்தக் கதையைத் தானே ரங்கூனில் நின்றதுபோல், கொஞ்சம் கூட்டியே சொன்னார். மூத்தவன் பாக்கியசாமி அதைக் கேட்டே வளர்ந்தான். ஜெர்மன் சண்டை வந்ததும் சென்னைக்குக் கப்பலேறிப் பட்டாளத்தில் சேரக் கிளம்பினான். தாய் ஞானப்பூ அழுதாள். இராயப்பன் எல்லார் முன்னாலும் பதக்கத்தை மகன் சட்டையில் குத்தி அனுப்பினார். மெசபொட்டேமியாவில் காணவில்லை என்று தந்தி வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

காணாமல் போனவனுக்கு இறந்தோர் பூசை வைக்க ஞானப்பூ சம்மதிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தின் நடுவில் பெரிய சிலுவை ஒன்று உண்டு. கடலோடு போனவர்கள், தூர தேசத்தில் செத்தவர்கள், இப்படிக் கல்லறை இல்லாதவர்களுக்கு அதன் அடியில்தான் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அந்தப் பக்கம் அவள் திரும்பியும் பார்க்கமாட்டாள். இராயப்பனும் வற்புறுத்தவில்லை. பையன் உயிரோடு இருக்கிறான் என்று அவள் நம்பும்வரை, அவனை அனுப்பியது யார் என்ற கேள்வி வீட்டில் எழாது.

தந்தி வந்த பத்தாம் வருஷக் கல்லறைத் திருநாளில் இளையவன் வின்சென்ட் தாயைக் கேட்காமலே சிலுவையடியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினான்.

"எத்தன வருசம் ஆச்சுலா, அம்மா. அண்ணனுக்காக யாராச்சும் வேண்டிக்க வேணாமா?"

ஞானப்பூ குனிந்து, எரிகிற திரியை விரலால் நசுக்கினாள். பக்கத்தில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இராயப்பன் தீக்குச்சி கிழித்து அதை மறுபடி ஏற்றினார்.

அவள் அவரையே பார்த்தாள்.

"அப்ப அவன் இல்லன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"தந்தி வந்த அன்னிக்கே."

அவள் அழவில்லை. "உங்க கொள்ளுத்தாத்தாவுக்குப் பூ வைக்க ஒரு கல்லாவது இருக்கு. எம்புள்ளைக்கு நீங்க குடுத்தது அந்தக் கதை மட்டுந்தான்" என்றாள்.

சவரிமுத்துவின் கல்லறையைச் சுற்றி வின்சென்ட்டின் பிள்ளைகள் கதைக்காக நின்றன. இராயப்பன் வழக்கமான இடத்தில் வந்து நின்றார். "ரங்கூன்ல அப்ப மழைக்காலம்..." என்று தொடங்கினார். மருமகள் ஜூலியானா மூத்த பையனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதைக் கண்டார். கதையை அங்கேயே நிறுத்தினார். வெயில் ஏறுகிறது, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் பாக்கியசாமிக்குப் பூசை வைத்தார்கள். ஞானப்பூ முன்வரிசையில் முழங்காலிட்டாள். இராயப்பன் பின்வரிசையில் தனியாக இருந்தார். அதன்பிறகு சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதைத் தவிர அவள் அவரிடம் பேசவில்லை. சாகும்வரை அவர் அந்தக் கதையைச் சொல்லவில்லை. வின்சென்ட்டுக்கு அது முழுதாகத் தெரியும். அவனும் சொல்லவில்லை.