இருபத்து நான்காம் தேதிக்கு ஒதுக்கிய வீடு

"பத்தொன்பது யூனிட்டா? மருமக வந்தாச்சு போல!" என்று மீட்டர் பெட்டிக்கு முன் குந்தியபடியே மாடியைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார் மீட்டர் மாமா. "வந்து பத்து நாளாச்சுண்ணே!" என்று பதில் வருகிறது.

தண்ணீர் மீட்டர் படிப்பது அவர் வேலை. எந்த வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனார், எல்லாவற்றையும் அந்த முள் அவருக்குச் சொல்லிவிடும். அவர் தெருவுக்குச் சொல்லிவிடுவார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் வந்துவிட்டால் மனிதரைக் கையில் பிடிக்க முடியாது. டிசம்பர் முதல் தேதியிலிருந்து நாளுக்கு ஒரு நற்செயல். பட்டியல் சட்டைப்பையில் இருக்கும். ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுவார். நாய்க்குப் பயந்து நிற்கும் தபால்காரரைக் கையைப் பிடித்து அழைத்துப்போவார். வேண்டாம் என்றாலும் விடமாட்டார். "குடுங்கம்மா, இன்னைக்கு இன்னும் ஒண்ணுகூட முடியல!" என்று காய்கறிப் பையைப் பிடுங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறியிருக்கிறார். மூச்சுவாங்க இறங்கிவரும்போது அந்த முகத்தில் தெரியும் சந்தோஷத்தைக் கிண்டல் செய்ய யாருக்கும் மனம் வராது.

இருபத்து நான்காம் தேதிக்கு எதிரே மட்டும் வருடாவருடம் ஒரே சொல்: 'தம்பி'.

ஒன்பது வருடத்துக்கு முன், தன் மகள் கல்யாணத்தில் தம்பி சம்பந்திகளிடம் சொன்னான்: "எங்க அண்ணன் வாழ்க்கையில படிச்சது மீட்டர் மட்டும்தான்." எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார், சாப்பிடாமல் வந்துவிட்டார்.

தம்பி வீடும் அவர் வட்டாரத்தில்தான். மாதத்தின் முதல் வாரம் கேட்டைத் திறந்து, படித்து, மணி அடிக்காமல் நழுவிவிடுவார். இருபத்திரண்டு யூனிட் ஓடிய வீடு, மகள் கல்யாணமாகிப் போனதும் பதினைந்தானது. தம்பி மனைவி இறந்ததும் ஐந்து. சாவுக்குப் போனார், கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டுத் திரும்பினார். ஐந்து யூனிட்டில் ஒரு மனிதன் எப்படி இருப்பான் என்று அவருக்குத் தெரியாதா?

"ஊருக்கெல்லாம் பை தூக்குறீங்க, கூடப் பொறந்தவர் மட்டும் அடுத்த வருஷமா?" என்பாள் அவர் மனைவி.

"பெரிய வேலை கடைசியிலதான்டி வரணும்." இருபத்து நான்கு வரும்; கூடவே இடுப்புவலியும் வரும்.

இந்த வருடம் தப்ப முடியாதபடி தனக்கே பொறி வைத்தார். முதல் வாரம் படிக்கவேண்டிய அந்தத் தெருவையே இருபத்து நான்காம் தேதிக்குத் தள்ளிவிட்டார். அன்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய், கேட்டைத் திறந்து, மணியை அடித்தே விட்டார்.

பக்கத்து வீட்டுப் பெண்தான் எட்டிப்பார்த்தாள். "என்னண்ணே, இந்த மாசம் இவ்ளோ லேட்டு? அவரு மூணு நாள் கேட் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. 'மீட்டர் படிக்கிறவர் முதல் வாரம் தவறமாட்டாரே'ன்னு சொல்லிட்டே இருந்தாரு. அப்புறம் மக வந்து கூட்டிட்டுப் போயிட்டா. இனிமே அங்கதானாம். வீட்டையும் விக்கப் போறாங்க."

"எதாச்சும் சொல்லச் சொன்னாரா?"

"இல்லண்ணே. சாமானெல்லாம் கட்டியாச்சுன்னு எங்கிட்ட ரெண்டு டீ டம்ளர் மட்டும் வாங்கி வச்சிருந்தாரு. போறப்ப கழுவித் திருப்பிக் குடுத்துட்டாரு."

அவள் உள்ளே போனாள். மீட்டர் முள் அசையவில்லை. அவர் பக்கத்திலிருந்த தோட்டக் குழாயை மெல்லத் திறந்தார். முள் நகர்ந்தது. நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அது சுற்றுவதையே பார்த்தபடி நின்றார்.