போன் சொல்லும்வரை

தம்பிக்கு இருபத்தாறு வயதில்தான் தனியாக பஸ் ஏற வீட்டில் சம்மதம் கிடைத்தது. பிறவியிலேயே அவனுக்கு அறிவு வளர்ச்சி தாமதம். நாலு வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேச வராது. ஆனால் கந்தர்வக்கோட்டை முந்திரிக் கொட்டகையில், உடையாமல் முழுப்பருப்பாக எடுப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. "ஒரு நாள் வழி தவறுனாலும் வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று அம்மா கறாராகச் சொல்லியிருந்தார்.

அவன் போனில் என் குரலைப் பதிந்து வைத்தேன். இறங்கும் இடம் நெருங்கியதும், "தம்பி, எந்திரி, எறங்கு" என்று அதுவே பேசும். அவன் போகும் வழி என் போனில் நீலப் புள்ளியாகத் தெரியும். பெரிய வாத்தியாரம்மா மாதிரி இரண்டு சட்டம் வேறு போட்டேன். போன் சொல்லும்வரை எழுந்திரிக்கக் கூடாது. பஸ்ஸுக்குள் போனில் யார் கூப்பிட்டாலும் அதை வெளியே எடுக்கக் கூடாது.

மூன்று மாதம் ஒழுங்காகப் போனது. தேரோட்டத்தன்று அவன் இறங்கும் கடைவீதியை அடைத்து, பஸ்ஸைச் சுற்றுவழியில் விட்டார்கள். இறங்கும் இடம் வராததால் போன் பேசவில்லை. புள்ளி ஊரைத் தாண்டி தஞ்சாவூர்ப் பக்கம் நகர்வதைப் பார்த்தேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். எப்படி எடுப்பான்? சட்டம் போட்ட மகராசி நான்தானே. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் அவன் இல்லை. புள்ளி கந்தர்வக்கோட்டைப் பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

நான் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் உட்கார்ந்து பருப்பு எடுத்துக்கொண்டிருந்தான். சீட்டை விட்டு அசையாமல் தஞ்சாவூர் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி, தேர் போய் வழி திறந்திருந்ததால் போன் சொன்ன இடத்தில் இறங்கியிருக்கிறான்.

"மொதல்ல போன் சொல்லல" என்றான்.

அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன். போன் சொல்லாவிட்டால் கண்டக்டரிடம் கேள் என்று நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

சாயங்காலம் அம்மா அவன் தலையைத் தடவி, "ரொம்பப் பயந்துட்டியாய்யா?" என்று கேட்டார்.

"இல்ல. அக்காதான் அழுவுச்சு."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் காலையில் வழக்கம்போல அவனுக்குச் சோறு கட்டி வைத்திருந்தார்.

இப்போதெல்லாம் பஸ் ஏறியதும் கண்டக்டரிடம், "நம்ம ஸ்டாப்பு போவுமா?" என்று அவனே கேட்டுக்கொள்கிறான். நான்தான் இன்னும் தினமும், அடுப்படி வேலையைப் போட்டுவிட்டு, அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.