பாசியான் வழிவிட்ட காலை

கல்யாணமாகிப் பொன்முடிக்குப் போனபோது எனக்குப் பதினெட்டு வயது. என் கணவர் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. திருவனந்தபுரத்துக் கடைத்தெருவில் வளர்ந்த நான் யானையைக்கூடக் கோயில் வாசலில்தான் பார்த்திருந்தேன்.

பாசியான் என்ற காட்டு மிருகத்தைப் பற்றி எனக்குச் சொன்னவள், தோட்டத்தில் கொழுந்து பறித்த ஒரு திருநெல்வேலிப் பெண். என் வீட்டுக்கும் ஒத்தாசையாக வருவாள். "அது யாரையும் ஒண்ணுஞ் செய்யாதும்மா" என்றுதான் தொடங்கினாள். மூன்று யானை உயரமாம். மழைக்காலம் முழுக்கக் காட்டுக்குள் ஒரே இடத்தில் குந்தியிருக்குமாம். முதுகில் பாசி படருமாம், குருவி கூடு கட்டுமாம். மழை விட்டதும் எழுந்து, ஈத்தை என்னும் நாணல்மூங்கில் காட்டை மேய்ந்தபடியே அடிவாரத்துக் கல்லாற்றுக்கு இறங்கித் தண்ணீர் குடிக்குமாம். கண் மந்தம், காது கூர்மை. வழியில் படுத்துவிட்டால், தானாக எழும்வரை யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. சமையலறை ஜன்னலுக்கு எதிரே பாசி பிடித்த பாறை ஒன்று. எழுந்ததும், அது நேற்று இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்ப்பேன். மூடுபனியில் பாறை மறைந்துவிட்டால் கை வேலை ஓடாது.

"அத்தான், நீங்க ஆபீசுக்குப் போயிட்டா நான் ஒத்தையில கிடக்கேன்" என்பேன்.

"சும்மா பேடிக்காத பிள்ளே, பயப்பட ஒண்ணுமில்ல. பாறை நடக்குமா?" என்று சிரிப்பார்.

வயிற்றில் பிள்ளை வந்ததும் பயமும் சேர்ந்து வளர்ந்தது. பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்குப் போக ஏற்பாடாயிற்று. அந்த வருஷ மழையில் சாலை இடிந்து லாரி ஓடவில்லை. அதனால் மழை விட்டதும் ஒரு விடிகாலையில், நாற்காலியை மூங்கில்களில் கட்டி, நாலு பேர் என்னைச் சுமந்து காட்டுப் பாதையில் இறங்கினார்கள். கல்லாற்றங்கரை ஊரிலிருந்து மாட்டுவண்டி. என் கணவரும் அந்தத் திருநெல்வேலிப் பெண்ணும் கூடவே நடந்து வந்தார்கள்.

பாதி வழியில், ஈத்தைக் காட்டுக்குள் சடசடவென்று முறியும் சத்தம். முன்னால் சுமந்த மலையாளத்துக்காரர் நின்றுவிட்டார்.

"சாரே, இனி போகண்டா. முன்னாடி கிடக்குது."

"எது? ஆனையா?" என்றார் என் கணவர்.

"ஆனை அல்ல சாரே. எழுந்து போகட்டும்."

நாற்காலியை இறக்கி வைத்தார்கள். எனக்கு இடுப்பில் சுருக்கென்று ஒரு வலி. பயத்தால் என்று நினைத்தேன். மறுபடி வந்தபோது புரிந்துவிட்டது. பிள்ளைக்கு இன்னும் மாதம் நிறையவில்லை.

"நான் முன்னால போறேன், நீங்க தூக்கிட்டு வாங்க" என்று என் கணவர் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். உள்ளே மறுபடியும் சடசடத்தது. திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அவர் கை என் கையைவிடச் சில்லென்று இருந்தது.

வலி ஏறியது. கத்திவிடுவேனோ, கத்தினால் அது திரும்புமோ என்று பல்லைக் கடித்தேன். அந்தப் பெண் என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அது எப்படிப் பிள்ளை பெறும், சொல்லு" என்றேன். எனக்கே ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"பாறையக் கட்டிப் பிடிச்சு நின்னுக்கிடும் தாயி. கத்தாது. கத்துனா குட்டி பயந்து உள்ளயே இருந்துக்கிடுமாம். மூச்ச மட்டும் நீளமா விடும். அந்த மூச்சுதான் மலைமேல மூடுபனியா நிக்கிறது. நீங்களும் விடுங்க."

விட்டேன். அவள் அப்போதைக்குக் கட்டிச் சொன்னாளோ என்னவோ, அந்த மூச்சுதான் என்னைத் தாங்கியது.

சத்தம் மெல்லச் சரிவில் இறங்கி ஓய்ந்தது. ஓட்டமும் நடையுமாகத் தூக்கினார்கள். பாதையோரம் ஒரு வீட்டு அகலத்துக்கு ஈத்தை சாய்ந்து கிடந்தது. சேற்றில் அழுந்திய பள்ளத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. யாரும் நின்று பார்க்கவில்லை.

கல்லாற்றில் ஒரு சாயாக்கடையின் பின்னறையில், கடைக்காரர் மனைவி ஒரு முண்டுத் துணியைத் திரையாகக் கட்ட, மகள் பிறந்தாள். உடனே அழவில்லை. அந்தப் பெண் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டிப் பார்த்தாள். கடைசியில் பூனைக்குட்டி போல ஒரு குரல் வந்தது. திரைக்கு வெளியே நின்ற அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம்.

மதியமே அந்தப் பெண் மலையேறக் கிளம்பினாள், அதே பாதையில். "போகாதே" என்று கெஞ்சினேன். "வீட்ல என் பிள்ளைங்க தேடும்மா" என்று சேலையை உதறிக் கட்டிக்கொண்டு போனாள். அவள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள் என்ற சேதி வரும்வரை எனக்குக் கஞ்சி இறங்கவில்லை.