குரலுக்கு முதலிடம்

பேசாலையில் நான் வேலை பார்த்த, சனங்கள் காசு கொடுத்து வெளிநாட்டோடு கதைக்கவும் இணையம் பார்க்கவும் வரும் கொம்யூனிகேசன் கடையை நினைத்தால், சுவரோடு முதுகை அழுத்திக்கொண்டு அடி வாங்கிய முதலாளி அக்காதான் கண்ணுக்குள் வருகிறார். முதுகுக்குப் பின்னால் இருந்தது சுவிட்ச் பெட்டி. கடைக்கு வந்த ஒரேயொரு இணைய இணைப்பைக் கணினிகளுக்கும் பேசும் அறைக்கும் பிரித்துக் கொடுத்தது அதுதான்.

சண்டை முடிந்து சனங்கள் ஊர் திரும்பிய காலம். விடத்தல்தீவில் மீளக் குடியேறிய ஒரு தாய் பஸ் மாறி எங்களிடம் வருவார். கடைசிச் சண்டையில் காணாமல்போன மகன் வெளிநாட்டில் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லி யாரோ ஓர் இலக்கம் கொடுத்திருந்தார்கள். எடுத்த அழைப்பெல்லாம் வெட்டி வெட்டிக் கேட்டது. "ஆரோ என்னை ஏமாத்திறாங்கள் தம்பி. என்ர பிள்ளையின்ர குரல் இப்பிடி இல்லை," என்று எழும்பிப் போய்விடுவார். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த முறை தாய் வந்ததும் அக்கா என்னிடம் சுவிட்சை மாற்றி அமைக்கச் சொன்னார். பேசும் அறைக்கு முதலிடம் கொடுத்தேன். மற்றக் கணினிகளின் வேகத்துக்கு இறுக்கமாக வரம்பு போட்டேன்.

அவற்றில் ஒன்றில் மீன்பிடி வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டி ஒருவரின் மகன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டம் நின்று நின்று ஓடவே பாய்ந்து வந்தான்.

"கழட்டடி அந்த அறை வயரை!"

"கத்தாதை. உள்ளுக்கை ஒரு தாய் பிள்ளையோட கதைக்குது," என்றார் அக்கா மெதுவாக, சுவிட்ச் பெட்டியை முதுகால் மறைத்தபடி.

முகத்தில் குத்தினான். பல் உடைந்து இரத்தம் தெறித்தது. பலகைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் தாய், காதில் ஹெட்போனோடு. ஒரு கூச்சல் கேட்டாலும் பயந்து எழும்பிவிடுவார். அக்கா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த மிருகம் வயிற்றில் உதைத்தது. நான் உட்கார்ந்திருந்த கதிரையைத் தூக்கி அவன் தோளில் இறக்கினேன். எலும்பு முறிந்தது கைக்குத் தெரிந்தது. அவன் அலறுமுன் கழுத்தைப் பிடித்து ரோட்டில் இழுத்துப் போட்டேன். இன்றைக்கும் அதற்காக எனக்குத் துளி வருத்தமில்லை.

இப்போது எல்லோர் கையிலும் போன். படுத்துக்கொண்டே வெளிநாட்டோடு கதைக்கிறார்கள். நடுவில் வெட்டினால் சலித்துக்கொள்கிறார்கள். பார்க்க எனக்கு எரிச்சல் வரும்.

அன்று அறைக்கதவு திறந்தது. "தம்பி, அவன்தான்! என்ர பிள்ளைதான். அழுற நேரம் மூக்கை உறிஞ்சினதும் கேட்டுது," என்றார் தாய். பிறகுதான் தரையில் இரத்தத்தைக் கண்டார்.

அக்கா வாயிலிருந்து கையை எடுத்தார். அதுவரை அடக்கி வைத்திருந்த அலறல் அப்போதுதான் வெளியே வந்தது.