வாசலுக்கே வரும் பஸ்

"அவளுக்குக் கம்பெனி பஸ் வாசலுக்கே வந்துவிடுகிறது."

என் கணவர் நான்கு வருடம், மாதம் தவறாமல், ஆரணியில் இருந்த தன் அம்மாவுக்கு இன்லண்ட் லெட்டரில் எழுதிய வரி இது. மழை, உடம்பு, விலைவாசி எல்லாம் மாதத்துக்கு மாதம் மாறும். இந்த வரி மட்டும் மாறாது. தொண்ணூறுகளில், பெங்களூரில் வைட்ஃபீல்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் பட்டறையில் நான் சால்டரிங் வேலை செய்துகொண்டிருந்தேன். அந்தப் பட்டறைக்கு பஸ்ஸும் கிடையாது, வேனும் கிடையாது. முதலாளியே ஓட்டை ஸ்கூட்டரில்தான் வருவார். நான் சைக்கிளில் போனேன். போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு கிலோமீட்டர். இத்தனை வருடம் கழித்தும் அந்த வரியை நினைத்தால் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததே அவர்தான். கல்யாணமாகி வந்தபோது சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடக்கூட எனக்குத் தெரியாது. எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் பெரிய காலி இடம் ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் எப்போதோ இன்னொரு வீடு கட்டலாம் என்று வாங்கிப் போட்டது. உண்ணிமுள்ளும் பார்த்தீனியமும் இடுப்பு உயரத்துக்கு மண்டிக் கிடந்தன. சுத்தம் செய்துகொண்டால் நீங்களே புழங்கிக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். சொந்தக்காரர் என்று சொல்லிக்கொள்ள அந்த ஊரில் எங்களுக்கு ஒருவர்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை, யாரும் வரப்போவதும் இல்லை. அவர் கடப்பாரையை எடுத்தார், நான் அரிவாளை எடுத்தேன். இரண்டு மாத ஞாயிறுகள் அதிலேயே போயின. என் முழங்கை இரண்டும் முள் கிழித்து வரி வரியாக இருந்தன.

இடம் சுத்தமானதும் ஒரு பழைய லேடீஸ் சைக்கிளை வாங்கி வந்தார். அந்த மண்ணிலேயே என்னை ஏற்றி, சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். நான் அவரையும் சேர்த்து மூன்று முறை தள்ளிவிட்டேன். நான்காவது ஞாயிறு நான் தனியாக ஒரு சுற்று சுற்றி வந்தபோது அந்த மனிதர் கை தட்டினார். சைக்கிள் கடைக்காரரிடம் போய், "எங்க வீட்டம்மா ஒரே மாசத்துல கத்துக்கிட்டா, தெரியுமா?" என்று பீற்றிக்கொண்டார். சைக்கிள் கடைக்காரரிடம் சொல்ல வாய் இருந்தது. பெற்ற தாயிடம் சொல்ல இல்லை.

காலையில் இருவரும் ஒன்றாகவே கிளம்புவோம். ரோடு பிரியும் இடத்தில் அவர் தொழிற்சாலைக்கு இடது பக்கம் போவார், நான் வலது பக்கம். பிரியும்போது ஆளுக்கு இரண்டு முறை மணி அடிப்போம். சாயங்காலம் வரும்போது என் கேரியரில் சாணி மூட்டையோ கீரைக்கட்டோ இருக்கும். வீட்டுக்குப் பின்னால் கத்தரி, தக்காளி, அவரை எல்லாம் போட்டிருந்தோம். மார்கழியில் அவரைப் பந்தல் காய்த்துத் தள்ளும். வேலி ஓரத்துக் காகிதப்பூச் செடியை மாதம் ஒரு முறை வெட்டிவிடுவோம். வெட்டிய கிளை, காய்ந்த கொடி, சருகு எல்லாம் மூலையில் ஒரு குவியலாகச் சேரும். அந்தக் குவியலை நாங்கள் எரிக்கவே மாட்டோம். தண்ணீர் தெளித்து, சாணி போட்டு மக்க வைப்போம். ஆள் உயரத்துக்கு இருக்கும் அது, எனக்கு மிகவும் பிடித்த சொத்து.

நான்காவது வருடம் மார்கழியில் ஊரிலிருந்து கடிதம் வந்தது. பொங்கலுக்கு நாங்கள் போக முடியாததால் மாமியாரும் என் கணவரின் அண்ணனும் இங்கே வருகிறார்களாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவருக்கு முகம் செத்துப்போயிற்று. கடிதத்தை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். பிறகு மெதுவாக, "சைக்கிள எங்கயாவது வெக்கணும்" என்றார்.

"வெக்கணும்னா?"

"அவங்க கண்ணுல படாம."

"எதுக்கு?"

"பெங்களூர்ல வேலைன்னு சொல்லிட்டு பொண்டாட்டிய சைக்கிள் மிதிக்க விட்டிருக்கான்னு அண்ணன் சிரிப்பாரு. அண்ணியை அவரு ஸ்கூட்டர்ல கூட்டிக்கிட்டுப் போறாரு. அம்மா வேற ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காங்க, பஸ்ஸு வருதுன்னு."

"உங்க சைக்கிளையும் ஒளிச்சு வெப்பீங்களா?"

"என்னுதுக்கு என்ன?"

அவருடையதுக்கு ஒன்றுமில்லையாம். நான் கத்தினேன், தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனேன். பக்கத்து வீட்டில் விட்டு வைக்கலாம் என்றால், அவர்கள் வாய் சும்மா இருக்காது என்றார். கடைசியில் அவர்கள் வருகிற அன்று மத்தியானம் அவரே குவியலில் ஒரு பக்கத்தைத் தோண்டி, என் சைக்கிளைப் படுக்க வைத்து, மேலே காய்ந்த அவரைக் கொடியையும் தென்னை மட்டையையும் போட்டு மூடினார். "நாலஞ்சு நாளுதான். தூசிகூடப் படாது" என்றார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தடுத்திருக்க வேண்டும். என் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

மாமியார் கெட்டிக்காரி, ஆனால் அதிகம் பேசமாட்டார். வந்ததும் வராததுமாகப் பின்கட்டுக்குப் போய் அவரைப் பந்தலைப் பார்த்தார், கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்து வைத்தார். அண்ணன் அதற்கு நேர்மாறு. எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. ஒழுகுகிற குழாயை வந்த அரைமணியில் சரி செய்துவிட்டார்.

மறுநாள் எனக்கு வேலை இருந்தது. கைப்பையும் சாப்பாட்டு டப்பாவுமாகக் கிளம்பினேன். மாமியார் பின்னாலேயே கேட் வரைக்கும் வந்தார்.

"பஸ்ஸு இங்கதான வரும்? நானும் பாக்குறேன்."

"முனையில வரும் அத்தை."

"வாசலுக்கே வருதுன்னு எழுதியிருந்தானே."

"ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க அத்தை. அதான்."

பொய் எவ்வளவு சுலபமாக என் வாயில் வந்தது பாருங்கள். தெருமுனை திரும்புகிற வரைக்கும் அந்த அம்மாள் பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பியதும் நடக்க ஆரம்பித்தேன். ஆறு கிலோமீட்டர், தேய்ந்துபோன ரப்பர் செருப்பில். ரோடு பிரியும் இடத்தில் என் கணவர் சைக்கிளில் என்னைத் தாண்டிப் போனார். நிறுத்தி, "கேரியர்ல ஏறிக்கோ" என்றார். நான் ஏறவில்லை. பட்டறைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய், முதலாளியிடம் எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதற்கடுத்த நாள் போகி. எங்களுக்கு அது நினைவிலேயே இல்லை. அங்கே இருவர் மட்டும் இருந்த வருடங்களில் போகி என்று ஒன்றை நாங்கள் செய்ததே கிடையாது. விடியற்காலையில் எழுந்தால் இருவருக்கும் வேலைக்கு ஓடவே நேரம் சரியாக இருக்கும். ஆரணியிலிருந்து வந்த அண்ணனுக்கு அப்படி இல்லை. அவருக்குப் போகி விடியலில் பின்கட்டில் ஆள் உயரத்துக்குக் காய்ந்த குவியல் கிடந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

பனியும் புகையுமாக ஒரு வாசனை வந்து நான் விழித்தேன். முதலில் சருகு வாசனை. பிறகு ரப்பர். எழுந்து ஓடினேன். குவியல் முழுக்க எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் மண்ணெண்ணெய் டப்பாவும் மஃப்ளருமாக நின்று குளிர்காய்ந்துகொண்டிருந்தார். கரும்புகை எழும்பியதைப் பார்த்து, "பலே! டயரெல்லாம் கூடப் போட்டு வெச்சிருக்கானே தம்பி!" என்றார்.

நான் கத்தினேனா என்று ஞாபகமில்லை. ஒரு பக்கம் தெரிந்த ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தேன். கை சுட்டது, விடவில்லை. கொடியும் நெருப்பும் சரிய, சைக்கிள் பாதி வெளியே வந்து விழுந்தது. சீட் உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. டயர் இரண்டும் எரிந்தன. என் கணவர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்து ஊற்றினார்.

"யாருதுடா இது, சைக்கிளு?" என்று அண்ணன் பதறிப்போய்க் கேட்டார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரையே பார்த்தேன். அந்த ஒரு நிமிடத்தில் அவர் "அவளுது" என்று சொல்லியிருந்தால் சைக்கிள் போனால் போகிறது என்று விட்டிருப்பேன். சத்தியமாக விட்டிருப்பேன்.

"முன்னாடி குடியிருந்தவங்களுதுண்ணா. பழசு. தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார்.

"அப்பாடா, நான் பயந்தே போயிட்டேன்" என்று அண்ணன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அவர் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. நல்ல மனிதர். மிச்சத்தையும் நன்றாக எரியட்டும் என்று குச்சியால் கிளறிவிட்டார்.

நான் உள்ளே போய்ச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். மாமியார் தேங்காய் எண்ணெயோடு வந்தார். என் உள்ளங்கையை விரித்து மெதுவாகத் தடவினார்.

"முன்னாடி குடியிருந்தவங்க சைக்கிளுக்கா நீ கைய சுட்டுக்கின?" என்றார்.

நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"வந்த அன்னிக்கே பாத்தேன். கொடியிலருந்து எடுத்து மடிச்ச அத்தினி பொடவையிலயும் ஓரத்துல கிரீஸு. பஸ்ஸுல போறவளுக்கு ஏது கிரீஸு?"

"தெரிஞ்சும் ஏன் அத்தை கேக்கல?"

"எம்புள்ளை சொல்லுவான்னு பாத்தேன். நாலு வருசமா எழுதினவன் வாயால ஒரு தரம் சொல்லட்டுமேன்னு இருந்தேன்." எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தார். "பொம்பளை சைக்கிள் ஓட்டினா என்னா? நானெல்லாம் அரிசி மூட்டைய தலையில தூக்கிக்கினு நடந்தவ. எனக்கு அப்ப ஒரு சைக்கிள் இருந்திருந்தா!"

அப்போதுதான் அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். அம்மாவுக்குப் பயம், ஊருக்குப் பயம் என்று என் கணவர் சொன்னதை நம்பி நான் ஆறு கிலோமீட்டர் நடந்திருக்கிறேன். அந்த அம்மாளுக்கு இதில் ஒரு வெட்கமும் இல்லை. வெட்கப்பட்டது அவர் ஒருவர்தான். மனைவி சைக்கிள் மிதித்துக் கொண்டுவந்த கீரையைச் சாப்பிட வெட்கமில்லை, அதை எழுதத்தான் வெட்கம்.

"பெரியவன்கிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றார் மாமியார். "சொல்ல வேண்டியவன் சொல்லட்டும்."

அவர்கள் பொங்கல் முடிந்து ஊருக்குப் போனார்கள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் என் கணவர் என்னைக் கேரியரில் ஏற்றி, பட்டறை வரைக்கும் விட்டுவிட்டு, திரும்பி வந்து தன் வேலைக்குப் போனார். வேறு வழியில்லாமல் ஏறினேன். மேட்டில் மூச்சு வாங்க அவர் மிதித்ததைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவே இல்லை, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. சைக்கிளைக் கடைக்கும் அவரே தோளில் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் பார்த்துவிட்டு, "அரே, இன்னாண்ணா இது? அம்மா வண்டிய அடுப்புல வெச்சுட்டீங்களா?" என்று கேட்டாராம். என் கணவரே வந்து சொன்னார். நான் சிரிப்பேன் என்று நினைத்திருப்பார்.

டயர், டியூப், சீட், பிரேக் கட்டை, செயின் எல்லாம் புதிதாகப் போட்டு சைக்கிள் திரும்பி வந்தது. பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னதற்கு நான் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். ஃபிரேம் கருகிய மாதிரியே இருக்கட்டும், அவர் தினமும் பார்க்கட்டும் என்பதற்காகத்தான்.

மாதக் கடைசியில் வழக்கம்போல இன்லண்ட் லெட்டரோடு உட்கார்ந்தார். நலம் எழுதினார். அவரைக்காய் முடிந்துவிட்டது, கத்தரி வந்துகொண்டிருக்கிறது என்று எழுதினார். பிறகு பேனா நின்றது. அதை என் பக்கம் நீட்டி, "நீயே எழுதேன்" என்றார்.

"பொய் யாருது? நீங்களே எழுதுங்க."

ஊரில் அந்தக் கடிதத்தை யார் படிப்பார் என்று இருவருக்கும் தெரியும். மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அண்ணன்தான் கூடத்தில் உட்கார்ந்து, அண்ணி, பிள்ளைகள், வந்தவர் போனவர் எல்லாரும் கேட்க உரக்கப் படிப்பார். ஒரு மணி நேரம் என் கணவர் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரே அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவள் வேலைக்குச் சைக்கிளில் போகிறாள்" என்று எழுதிவிட்டு மடிக்கப் போனார்.

"இன்னும் இருக்கு" என்றேன்.

மறுபடி பிரித்தார். "பஸ் வருகிறது என்று நான் எழுதியது பொய். போகியில் எரிந்தது அவள் சைக்கிள்" என்று எழுதினார். முகவரி எழுதி ஒட்டினார். சட்டையை மாட்டிக்கொண்டு, போய்ப் போட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தார்.

நான் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். கருகிய சைக்கிளை எடுத்து, தபால் பெட்டி வரைக்கும் நானே போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.