முப்பது சதவீதத்தில் செத்த போன்

நடக்க முடியாத அம்மாவுக்காக ஒவ்வொரு பௌர்ணமியும் கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களையும் வீடியோ காலில் காட்டிக்கொண்டே நடப்பேன். வழியெல்லாம் பவர் பேங்கில் ஃபாஸ்ட் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். போன் கையில் பிடிக்க முடியாமல் சுடும். "சூடானா ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். ஒரே வருஷம். போன பௌர்ணமியன்று, முப்பது சதவீதம் காட்டிக்கொண்டே, ஆறாவது லிங்கத்தில் செத்துப்போனது.

மறுநாள் கடைக்குப் போனால் அதே ஆள், "இவ்ளோ சூட்டுல சார்ஜ் ஏத்துனா பேட்டரி போகத்தாங்க செய்யும், இதுகூடத் தெரியாதா?" என்கிறார். அவரோடு கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்தால் அம்மா முகம் கொடுக்கவில்லை. "நான் இன்னும் ஆறாவது லிங்கத்துலயே நிக்கிறேன்டா" என்றாள்.